நாடாளுமன்றத்தில் தமிழ்நாடு: இடங்களின் எண்ணிக்கையும் உறுப்பினரின் உரிமையும்

1957 பொதுத் தேர்தலில் முதன்முறையாகக் களமிறங்கிய திராவிட முன்னேற்றக் கழகத்துக்கு மக்களவையில் கிடைத்தவை இரண்டே இடங்கள். நாமக்கல்லில் ஈ.வெ.கி. சம்பத்தும் திருவண்ணாமலையில் இரா. தருமலிங்கமும் வென்றார்கள். அசைக்க முடியாத பெரும்பான்மையோடு இருந்த காங்கிரசுக்கு இந்த இருவரின் ஆதரவு தேவைப்படவே இல்லை. ஆனாலும் 1959 ஆகஸ்டில், ஆங்கிலத்தை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் சேர்க்கக் கோரி உறுப்பினர் பிராங்க் அந்தோணி கொண்டுவந்த தீர்மானத்தின் மீதான விவாதத்தில், இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று நேரு அவையில் உறுதி கூறினார். மறு ஆண்டு அந்த உறுதியைச் சம்பத்துக்குக் கடிதமாகவும் எழுதித் தந்தார். 2014இல் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 37ஐ அ.தி.மு.க. தனித்து வென்று, மக்களவையின் மூன்றாவது பெரிய கட்சியாக அமர்ந்தது. அந்த ஐந்தாண்டுக் காலத்தில்தான் தமிழ்நாட்டின் மருத்துவ மாணவர் சேர்க்கைக்கு நீட் தேர்வு கட்டாயமானது. அதிலிருந்து விலக்குக் கோரி 2017 பிப்ரவரியில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்களுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. இரண்டு பேருக்குச் செவிசாய்த்த நாடாளுமன்றம் முப்பத்தேழு பேரைக் கடந்து போனது எப்படி? தொகுதி மறுவரையறை பற்றிய கவலை தமிழ்நாட்டை ஆட்கொண்டிருக்கும் இக்காலத்தில் இந்தக் கேள்வி மிக முக்கியமானது. இடங்களைக் காப்பது அவசியம், அதில் ஐயமில்லை. ஆனால் அந்த இடத்தில் அமர்பவருக்குத் தன் தொகுதிக்காகவும் மாநிலத்துக்காகவும் பேசவும், கேட்கவும், மாறுபட்டு வாக்களிக்கவும் உரிமை இல்லையென்றால், காத்த இடத்தால் குடிமக்களுக்குக் கிடைக்கும் பயன் மிகக் குறைவு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் எண்ணிக்கைக் கவலையின் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபின் நடந்த 1957, 1962 தேர்தல்களில் சென்னை மாநிலத்துக்கு மக்களவையில் 41 இடங்கள் இருந்தன. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நடந்த மறுவரையறையில் அவை 39ஆகக் குறைந்தன. 1976இல் 42ஆவது திருத்தம் மாநிலங்களுக்கான இடப் பங்கீட்டை 1971 கணக்கெடுப்பின் அளவில் நிறுத்திவைத்தது; 84ஆவது திருத்தம் அந்த நிறுத்தத்தை 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. குடும்பநலத் திட்டத்தைச் சரியாக நிறைவேற்றிய மாநிலம் அதற்காகவே தன் பங்கை இழக்கக் கூடாது என்பதுதான் இதன் அடிப்படை. 2011 கணக்கெடுப்பை எடுத்துக்கொண்டு, 543 இடங்களை மக்கள்தொகைக்கு ஏற்ப வகுத்துப் பார்த்தால், 7.21 கோடி மக்களைக் கொண்ட தமிழ்நாட்டுக்கு 32 இடங்கள்தான் வரும். உத்தரப் பிரதேசம் 80இலிருந்து ஏறத்தாழ 90ஆகவும், பீகார் 40இலிருந்து 47ஆகவும் உயரும். மறுபக்கத்து நியாயத்தையும் மறைக்கக் கூடாது. தமிழ்நாட்டில் ஒரு மக்களவை உறுப்பினர் சராசரியாகப் பதினெட்டரை லட்சம் பேருக்குப் பொறுப்பு. பீகாரில் 26 லட்சம், ராஜஸ்தானில் 27 லட்சத்துக்கும் மேல். ஒருவருக்கு ஒரு வாக்கு, ஒவ்வொரு வாக்குக்கும் ஒரே மதிப்பு என்ற கொள்கையைச் சொல்லி அம்மாநிலக் குடிமகன் கேள்வி எழுப்பினால் அதை அற்பமென்று தள்ள முடியாது. கூட்டாட்சி நியாயமும் வாக்குச் சமத்துவமும் நேருக்கு நேர் நிற்கும் இடம் இது. இதற்குக் கணக்கினால் மட்டும் தீர்வு காண முடியாது.

ஆனால் இந்த 39 இடங்களின் வரலாறே நமக்கு ஒரு சோதனைக்களமாக இருக்கிறது. 1967 முதல் எண்ணிக்கை மாறவில்லை. செல்வாக்கு மட்டும் ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. 1998இல் 18 இடங்களோடு வாஜ்பாய் அரசைத் தாங்கி நின்ற அ.தி.மு.க. தன் ஆதரவை விலக்கிக்கொண்டதும், 1999 ஏப்ரல் 17 அன்று ஒரே வாக்கு வித்தியாசத்தில் அந்த அரசு கவிழ்ந்தது. 2004இல் தி.மு.க. தலைமையிலான அணி 39 இடங்களையும் வென்றது. தில்லியில் அமைந்த கூட்டணி அரசு அந்த அணியைச் சார்ந்திருந்தது. நூறாண்டுக் கோரிக்கையான தமிழுக்குச் செம்மொழித் தகுதி குறைந்தபட்சப் பொதுத்திட்டத்தில் இடம்பெற்று, அதே ஆண்டு அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. பா.ஜ.க. தனிப் பெரும்பான்மை பெற்ற 2014இல் 37 பேரும், 2019இல் எதிரணியில் வென்ற 38 பேரும் அந்தச் செல்வாக்கில் சிறு பங்கைக்கூடப் பெறவில்லை. 2024இல் தமிழ்நாட்டின் 39 இடங்களும் மீண்டும் ஒரே அணிக்குச் சென்றன. ஆனால் அரசைத் தாங்கி நின்றது 16 இடங்கள் கொண்ட தெலுங்கு தேசம். அந்த ஜூலை மாத நிதிநிலை அறிக்கையில் அமராவதி தலைநகருக்கு 15,000 கோடி ரூபாய்க்கான ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. இந்த வரிசையிலிருந்து ஒன்று புலப்படுகிறது. இடங்களுக்குப் பலம் வருவது இரண்டு வழிகளில்: ஆளுங்கட்சிக்கு அந்த வாக்குகள் தேவைப்பட வேண்டும், அல்லது வாக்கு தேவைப்படாதபோதும் உறுப்பினரின் வாதத்தை அவை கேட்டாக வேண்டும். முதலாவதைத் தேர்தல் முடிவுதான் தீர்மானிக்கிறது. அதை எந்த மாநிலமும் உறுதிசெய்துகொள்ள முடியாது. இரண்டாவதைச் சட்டமும் அவை விதிகளும் தீர்மானிக்கின்றன. சம்பத்துக்கும் தருமலிங்கத்துக்கும் இருந்தது இந்த இரண்டாவது பலம். வெளியே திரண்டிருந்த போராட்ட உணர்வு அவர்களுக்குத் துணைநின்றது உண்மை. அந்த உணர்வைப் பிரதமரின் காதுக்குக் கொண்டுசேர்த்து, அவைக் குறிப்பில் பதியவைக்கும் இடமாக நாடாளுமன்றம் இருந்தது.

ஆளுங்கட்சிக்கு உள்ளேயும் அப்படிப்பட்ட இடம் இருந்தது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது, பிப்ரவரி 11 அன்று மத்திய அமைச்சர்களான சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். இருவரும் காங்கிரஸ்காரர்கள், கட்சித் தலைமையின் மொழிக்கொள்கையோடு தங்கள் மாநிலத்தின் உணர்வு மோதியபோது மாநிலத்தின் பக்கம் நின்றார்கள். அன்றே லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் உறுதிமொழிகள் காக்கப்படும் என்று அறிவித்தார். 1967இல் ஆட்சிமொழிச் சட்டத் திருத்தத்தின் வழியாக அந்த உறுதிக்குச் சட்ட வடிவம் கிடைத்தது. தேசியக் கட்சியில் இருந்துகொண்டே மாநிலத்துக்காக மாறுபட முடியும் என்ற அந்த மரபு இன்று ஏறத்தாழ மறைந்துவிட்டது.

அது மறைந்ததற்கு முதற்காரணம் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணை. 1985இல் 52ஆவது திருத்தம் கொண்டுவந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தாலும், வாக்களிக்காமல் இருந்தாலும், கட்சி அதை 15 நாள்களுக்குள் பொறுத்துக்கொள்ளாவிட்டால் உறுப்பினர் பதவியே பறிபோகும். அரசின் உயிர் தொங்கும் நம்பிக்கை வாக்கெடுப்புக்கும், ஒரு மீன்வளச் சட்டத்தின் சிறு திருத்தத்துக்கும் இதில் வேறுபாடு இல்லை. பணத்துக்கும் பதவிக்கும் கட்சி மாறுபவரும், தன் தொகுதி மக்களின் பிழைப்பைக் காக்க ஒரு மசோதாவை எதிர்ப்பவரும் ஒரே தண்டனைக்கு ஆளாகிறார்கள். இதன் விளைவு வாக்கெடுப்போடு நின்றுவிடுவதில்லை. முடிவு கட்சித் தலைமையகத்தில் எடுக்கப்பட்டுவிடுவதால், அவையில் வாதிட்டு யாருடைய மனத்தையும் மாற்ற வழியில்லை. வேறு கட்சிக்காரர் சொல்லும் நியாயம் மனத்துக்குப் பட்டாலும் அதற்கேற்ப வாக்களிக்க முடியாதென்றால், ராமநாதபுரம் மீனவரின் துயரத்தை ஒருவர் எவ்வளவு திறமையாக எடுத்துரைத்தாலும் அந்த உரை ஒரு வாக்கைக்கூட நகர்த்தாது.

2019 டிசம்பரில் மாநிலங்களவையில் நடந்தது இதற்குக் கடுமையான சான்று. குடியுரிமைத் திருத்த மசோதா 125க்கு 105 என்ற கணக்கில் நிறைவேறியது. ஆதரவு வாக்குகளில் 11 அ.தி.மு.க.வுடையவை. அந்தப் பதினொன்றும் எதிராக விழுந்திருந்தால் கணக்கு 114க்கு 116 ஆகி மசோதா தோற்றிருக்கும். பல பத்தாண்டுகளாகத் தமிழ்நாட்டு முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு அந்த மசோதாவில் இடமில்லை. மசோதாவை ஆதரிப்பதா எதிர்ப்பதா என்பதில் தமிழ்நாட்டிலேயே இருவேறு கருத்துகள் இருக்கலாம். ஆனால் தமிழ்நாட்டின் வாக்குகளே முடிவைத் தீர்மானிக்கும் நிலையில் இருந்த அரிய தருணத்தில், இலங்கைத் தமிழரைச் சேர்க்கும் ஒரு சிறு திருத்தத்தைக்கூட அந்த வாக்குகளால் பெற முடியவில்லை. அன்று எண்ணிக்கைக்குக் குறைவில்லை. அந்த எண்ணிக்கையை மாநிலத்துக்காகப் பேரம் பேசப் பயன்படுத்தும் சுதந்திரம் தனி உறுப்பினரிடம் இல்லை. தலைமையின் முடிவே எல்லோருடைய முடிவாகவும் இருந்தது.

வாக்கு கட்டுப்பட்டுவிட்டாலும், உறுப்பினர் செயல்படக்கூடிய வேறு களங்கள் உண்டு: நிலைக்குழு, கேள்வி நேரம், தனிநபர் மசோதா. துறைவாரி நிலைக்குழுக்கள் 1993இல் தொடங்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் இரு அவைகளையும் சேர்ந்த 31 பேர் இருப்பார்கள். கூட்டம் கேமரா முன் நடப்பதில்லை, அங்கே கொறடா உத்தரவும் இல்லை. ஒரு மசோதாவை வரிவரியாகப் படித்து, பாதிக்கப்படும் மக்களையும் அதிகாரிகளையும் அழைத்துக் கேட்டு, கட்சி எல்லை கடந்து மாற்றங்களைப் பரிந்துரைக்க உகந்த இடம் அதுவே. 15ஆவது மக்களவையின் காலத்தில் மசோதாக்களில் 71 விழுக்காடு குழுவுக்கு அனுப்பப்பட்டன. 17ஆவது மக்களவையில் அது 16 விழுக்காடாகச் சரிந்தது. முதல் மக்களவை ஆண்டுக்குச் சராசரியாக 135 நாள் கூடியது. 17ஆவது மக்களவை 55 நாள் மட்டுமே. 2020 மழைக்காலக் கூட்டத்தொடரில் கேள்வி நேரம் முழுவதுமே கைவிடப்பட்டது. 2023 டிசம்பரில் இரு அவைகளிலுமாக 146 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்கள் வெளியே இருந்தபோதே புதிய குற்றவியல் சட்டங்கள் நிறைவேறின. இடைநீக்கத்துக்கு ஆளான தமிழ்நாட்டு மக்களவை உறுப்பினர் ஒருவரின் தொகுதியில் சராசரியாகப் பதினெட்டரை லட்சம் பேர் வாழ்கிறார்கள் என்பதை நினைத்தால், அவையில் குரலிழந்தவர் அந்த ஒருவர் மட்டும் என்று சொல்ல முடியாது.

இந்தச் சரிவில் உறுப்பினர்களுக்கும் பங்குண்டு என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் காவிரி வழக்கில் இறுதித் தீர்ப்பு அளித்தபின், மேலாண்மை வாரியம் அமைக்கக் கோரி அ.தி.மு.க. உறுப்பினர்கள் நிதிநிலைக் கூட்டத்தொடரின் இரண்டாம் பகுதி முழுவதும் அவையின் மையத்தில் நின்று முழக்கமிட்டார்கள். அமளியின் நடுவே அந்த ஆண்டின் நிதி மசோதா விவாதமின்றி நிறைவேறியது. வேறு கட்சிகள் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானமும் அந்தத் தொடரில் எடுத்துக்கொள்ளப்படவில்லை. காவிரி நீர் மேலாண்மை ஆணையம் கடைசியில் உச்ச நீதிமன்றத்தின் நெருக்குதலால் ஜூன் மாதத்தில் அறிவிக்கப்பட்டது. கோரிக்கை நியாயமானது, ஆனால் அரசைக் கேள்வி கேட்கக் கிடைத்த நாள்களைக் கோரிக்கை வைத்தவர்களே இழந்தார்கள். அவை நடக்காத நாளில் பதில் சொல்லாமல் தப்புவது அரசுதான்.

இதற்கு நேர்மாறான முன்மாதிரியும் தமிழ்நாட்டிலிருந்தே கிடைக்கிறது. 2015 ஏப்ரல் 24 அன்று தி.மு.க. உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை மாநிலங்களவை ஒருமனதாக நிறைவேற்றியது. தனிநபர் மசோதாக்களுக்கு ஒதுக்கப்படுவது வெள்ளிக்கிழமை பிற்பகலின் இரண்டரை மணி நேரம் மட்டுமே. சுதந்திரத்துக்குப் பின் 14 தனிநபர் மசோதாக்களே சட்டமாகியுள்ளன. கடைசியாக ஒன்று சட்டமானது 1970இல். சிவாவின் மசோதா மக்களவையில் நிறைவேறவில்லை. ஆனால் அது எழுப்பிய அழுத்தத்தின் தொடர்ச்சியாக அரசு தானே ஒரு மசோதா கொண்டுவர நேர்ந்தது. 2019இல் திருநர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் மீது திருநர் சமூகத்துக்குக் கடுமையான விமர்சனங்கள் உண்டு. என்றாலும், 2008இல் திருநங்கையர் நல வாரியம் அமைத்த ஒரு மாநிலத்தின் அனுபவம், ஓர் உறுப்பினரின் உழைப்பால் நாட்டின் சட்டப் பேச்சுக்குள் நுழைந்தது. அன்று அவர் எதிர்க்கட்சி வரிசையில்தான் இருந்தார்.

மாநிலங்களின் பெயரிலேயே அமைந்த அவையின் நிலை இன்னும் கவலைக்குரியது. தமிழ்நாட்டுக்கு அங்கே 18 இடங்கள். சட்டமன்ற உறுப்பினர்கள் 234 பேரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அமெரிக்க செனட்டைப் போல மாநிலத்துக்குச் சம இடம் என்ற ஏற்பாடு இங்கே கிடையாது. மக்கள்தொகையை ஒட்டித்தான் இடப் பங்கீடு. 2003இல் செய்த சட்டத்திருத்தம், அந்தந்த மாநிலத்தில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்ற தகுதியை நீக்கியது. கட்சி முகவரிடம் காட்டி வாக்களிக்கும் வெளிப்படை முறையையும் புகுத்தியது. 2006இல் குல்தீப் நய்யார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டையும் செல்லும் என்றது. அதன்பின் மாநிலங்களவை இடம், கட்சிகள் தங்கள் தலைவர்களை அமர்த்தும் இடமாக மாறியது. தமிழ்நாட்டைச் சேர்ந்த ப. சிதம்பரம் 2016இல் மகாராஷ்டிரத்திலிருந்தும், எல். முருகன் 2021இல் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் தேர்வானார்கள். இருவருடைய திறமையும் இங்கே விவாதப் பொருளல்ல. விதர்பாவின் பருத்தி விவசாயியும் பாலாகாட்டின் பழங்குடியும் தங்கள் மாநிலத்துக்கென்று வாதிட அனுப்பிய இடத்தில், அவர்களுடைய சட்டமன்றத்துக்குப் பதில் சொல்லும் கடமை இல்லாத ஒருவர் அமர்வதே சிக்கல். நிதி சாராத விதிகள் கலந்த சட்டங்களும் பண மசோதா என்ற வகைக்குள் கொண்டுவரப்படும்போது, அந்த அவையின் திருத்தும் அதிகாரமும் நழுவிவிடுகிறது. 2016இல் ஆதார் சட்டம் அப்படித்தான் நிறைவேறியது.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் வலுவானது நிலைத்தன்மை பற்றியது. 1967இல் ஹரியாணாவில் கயா லால் ஒரே நாளில் கட்சிவிட்டுக் கட்சி தாவியது போன்ற நிகழ்வுகளால்தானே இந்தச் சட்டம் வந்தது, கயிற்றைத் தளர்த்தினால் விலைபேசும் சந்தை திரும்பாதா என்பது அந்தக் கேள்வி. கட்சி தாவுவதையும் அரசைக் கவிழ்ப்பதையும் தடுக்கும் விதி இருக்கட்டும். மற்ற மசோதாக்களில் மாறுபட்டு வாக்களிப்பதை அதிலிருந்து பிரிக்கலாம். 1990இல் தினேஷ் கோஸ்வாமி குழுவும், 1999இல் சட்ட ஆணையத்தின் 170ஆவது அறிக்கையும் இந்த வழியைத்தான் காட்டின. சட்டத்தைச் செல்லும் என்று 1992இல் உறுதிசெய்த உச்ச நீதிமன்றத்தின் கிஹோட்டோ தீர்ப்பிலேயே, கொறடா உத்தரவை நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் கட்சியின் அடிப்படைக் கொள்கைகளுக்கும் அளவாக வைத்துக்கொள்வது நல்லது என்ற கருத்து பதிவாகியிருக்கிறது. பிரிட்டனில் 2019இல் 21 உறுப்பினர்கள் ஆளுங்கட்சியின் கொறடாவை மீறினார்கள். கட்சிக் குழுவிலிருந்து நீக்கப்பட்டாலும் அவர்களுடைய உறுப்பினர் பதவி போகவில்லை. கட்சி தண்டிக்கலாம், மக்கள் தந்த பதவியைப் பறிக்கும் உரிமை கட்சிக்கு எதற்கு? விலைபேசும் சந்தையைத் தற்போதைய சட்டமும் ஒழித்துவிடவில்லை. கூட்டமாகத் தாவுபவருக்கு அதில் வழி இருக்கிறது, தனியாக மனச்சாட்சிப்படி நிற்பவருக்குத்தான் வழியில்லை.

மக்கள் வாக்களிப்பது கட்சிக்கு, ஆளுக்கு அல்ல; மாநிலக் கட்சியின் கொறடா உத்தரவே மாநிலத்தின் குரல் என்பது அடுத்த மறுப்பு. பல சமயங்களில் இது உண்மைதான். கச்சத்தீவோ நீட்டோ பேசப்படும்போது தமிழ்நாட்டுக் கட்சிகளின் கட்டுப்பாடு மாநிலத்துக்கு உதவியிருக்கிறது. ஆனால் தில்லியின் நெருக்குதலுக்குப் பணியும்போது அதே கட்டுப்பாடு மாநிலத்துக்கு எதிராகத் திரும்பும் என்பதை 2019 வாக்கெடுப்பு காட்டிவிட்டது. ஒரு தலைவரைப் பணியவைத்தால் பதினொரு வாக்கும் கிடைக்கும் என்ற ஏற்பாடு மாநிலத்துக்குப் பாதுகாப்பாகாது. நாடாளுமன்ற உறுப்பினர் நாடு முழுவதற்கும் பொறுப்பானவர், மாநிலத் தூதர் அல்ல என்று சொல்வோரும் உண்டு. நாட்டின் நலன் வானத்திலிருந்து இறங்குவதில்லை. நெசவாளியும் மீனவரும் மாணவரும் படும் பாடு அவைக்கு வந்து, பிற பகுதிகளின் தேவையோடு உரசிப் பார்க்கப்பட்டபின்தான் அது உருவாகிறது. மொழிப் பிரச்சினையில் தமிழ்நாட்டின் எதிர்ப்பைக் கேட்டு விட்டுக்கொடுத்ததால் இந்திய ஒற்றுமை வலுப்பட்டது; கேளாமல் திணித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அண்டை நாடான இலங்கையின் 1956 தனிச் சிங்களச் சட்டமும் அதன் பின்விளைவுகளும் போதிய பாடம்.

அப்படியானால் எண்ணிக்கைக்காகப் போராடுவது வீணா? இல்லை. அரசியலமைப்புத் திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். கூட்டணிக் காலத்தில் ஒவ்வொரு இடமும் எடையுள்ளது. பங்கு குறைந்தால் அந்தத் தடுப்பாற்றலும் குறையும். இடப் பங்கீடு நீதியாக இருக்க வேண்டும் என்ற தமிழ்நாட்டின் கோரிக்கை அதே உறுதியோடு தொடர வேண்டும். அதனோடு இன்னொரு கோரிக்கைப் பட்டியலும் சேர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்: கொறடா உத்தரவுக்கு எல்லை, ஒவ்வொரு முக்கிய மசோதாவுக்கும் கட்டாயக் குழு ஆய்வு, ஆண்டுக்குக் குறைந்தபட்ச அவை நாள்கள், மாநிலங்களவைக்கு மீண்டும் வசிப்பிடத் தகுதி. இவற்றில் சிலவற்றுக்குத் தில்லியின் சம்மதம் தேவைப்படும். சிலவற்றைத் தமிழ்நாட்டுக் கட்சிகள் இன்றே செய்யலாம். நம்பிக்கை வாக்கெடுப்பும் நிதிநிலை அறிக்கையும் தவிர்ந்த மசோதாக்களில் தங்கள் உறுப்பினர்களுக்குக் கொறடா உத்தரவு பிறப்பிப்பதில்லை என்று ஒரு கட்சி முடிவெடுத்தால் அதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. குழுக் கூட்டங்களுக்கு ஒழுங்காகச் செல்பவரையும் கேள்விகளைத் திறம்படத் தொடுப்பவரையும் பார்த்து வேட்பாளர் வாய்ப்பு வழங்கலாம்.

வாக்காளரின் பங்கும் இதில் குறைவானதல்ல. இன்று ஒரு நாடாளுமன்ற உறுப்பினரைப் பெரும்பாலும் பேருந்து நிழற்குடையையும் உயர்கோபுர மின்விளக்கையும் வைத்தே மதிப்பிடுகிறோம். தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு அவருக்குக் கிடைப்பது ஐந்து கோடி ரூபாய்; பதினெட்டரை லட்சம் மக்களுக்குப் பகிர்ந்தால் தலைக்கு 27 ரூபாய். அதே உறுப்பினர் கைதூக்கும் நிதிநிலை அறிக்கையோ பல லட்சம் கோடி ரூபாயின் செலவைத் தீர்மானிக்கிறது. அந்தக் கை எதற்கு உயர்ந்தது, எந்த மசோதாவில் அவர் பேசினார், எந்தக் குழுவில் என்ன கேட்டார் என்று தேர்தல் நாளில் நாம் கேட்கத் தொடங்கினால்தான், இடங்களைக் காக்க நாம் நடத்தும் போராட்டத்துக்கு முழுப் பொருள் கிடைக்கும்.